வேலைக்காரம்மாவை நிறுத்தினால் சிரங்கு போய்விடுமா?

சிரங்கைப் பற்றி எழுதப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

முகத்தைச் சுளித்தீர்கள் இல்லையா? அந்தச் சுளிப்போடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

நமக்கு சர்க்கரை வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். பிரஷர் மாத்திரையின் பெயரை, மில்லிகிராம் உட்பட, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ஒப்பிக்கிறோம். தைராய்டு, மூட்டு வலி, கழுத்து வலி எல்லாவற்றுக்கும் குடும்ப வாட்ஸப் குழுவில் இடம் உண்டு. ஆனால் குழந்தை தலையில் பேன், வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு என்றால் மட்டும் மூச்சு விடமாட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு, அரிக்கிற அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஏதோ ஒரு ட்யூபைத் தடவிவிட்டு, போய்விட்டதாக நம்பிக்கொள்வோம். அது போகாது. போகாதபோது யார் மீதாவது பழி போட வேண்டும். அதற்குத்தான் வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வருகிறாரே!

என் கட்சி இதுதான். சிரங்குக்கும் பேனுக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. முக்கியமானது பெர்மெத்ரின் என்கிற பூசு மருந்து. வீட்டில் அத்தனை பேருக்கும் வாங்கினாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. அந்த மருந்து நம் வீடுகளில் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மருந்து இல்லை, நம் வாய். அதைத் திறந்து நாலு பேரிடம் சொல்ல மறுப்பதுதான்.

(நான் டாக்டர் இல்லை. பகலில் கம்பெனிக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன். ஆனால் டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ள டாக்டர் பட்டம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.)

கோபத்துக்குக் காரணம்

நான் இருப்பது நொய்டாவில், பதினாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சொசைட்டியில். இங்கே ஒரு தமிழ்க் குடும்பம். யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். நம்மில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் விஷயமே.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து உருண்ட பத்து நாள். நொய்டா திரும்பி ஐந்தாறு வாரம் கழித்து, டிசம்பர் நடுவில், ஐந்து வயதுப் பையனுக்கு ராத்திரியானால் அரிப்பு. பகலில் பரவாயில்லை, போர்வைக்குள் போனால் பிடுங்கித் தள்ளுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பில். குளிரில் தோல் வறண்டுவிட்டது என்று தேங்காய் எண்ணெய் தடவினார்கள். பிறகு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு ஒரு ட்யூப். அதற்குள் அம்மாவுக்கும் அரிக்க ஆரம்பித்தது. ஜனவரியில்தான் ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். பார்த்தவுடன் சொல்லிவிட்டார், சிரங்கு.

அன்று சாயங்காலமே வேலைக்கு வரும் பெண்மணியை நிறுத்திவிட்டார்கள். இங்கே 'தீதி' என்று கூப்பிடுவது வழக்கம். அக்கா என்று அர்த்தம். அக்காவுக்குக் கிடைத்த மரியாதை இது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொசைட்டி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தியும் போட்டார்கள். தங்கள் வீட்டில் சிரங்கு என்று அல்ல. அந்த தீதிக்குத் தோல் வியாதி இருக்கிறது, எல்லோரும் ஜாக்கிரதை என்று! அவர் வேலை பார்த்த மற்ற மூன்று வீடுகளிலும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். ஒரே வாரத்தில் நாலு வீட்டுச் சம்பளம் போயிற்று.

அவர் கையில் வெடிப்பு இருந்தது உண்மை. நாள் முழுக்க, டிசம்பர் குளிரில், பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் கை வேறு எப்படி இருக்கும்? அது சிரங்கா இல்லையா என்று ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரியிலும் அந்த வீட்டில் சொறிச்சல் நிற்கவில்லை. தீதி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

பூச்சியின் காலண்டர்

இந்த வழக்கில் தீதி குற்றவாளி இல்லை என்று சொல்ல எனக்கு மனிதாபிமானம்கூடத் தேவையில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

சிரங்கு என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் வேலை. அளவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முட்டை. மூன்று நாலு நாளில் பொரியும். தாய்ப்பூச்சி ஒன்று, ஒன்றரை மாதம் உயிரோடு இருக்கும்.

கடிப்பதால்தான் அரிக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. பூச்சி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவை ஒத்துக்கொள்ளாமல் நம் உடம்பு காட்டும் அலர்ஜிதான் அரிப்பு. முதல் தடவை வருபவருக்கு அந்த அலர்ஜி உண்டாகவே பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பூச்சி உடம்பில் இருக்கும், அரிப்பு இருக்காது, மற்றவருக்குப் பரவவும் செய்யும். ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கோ, திரும்ப ஒட்டிய ஒன்று முதல் நாலு நாளுக்குள் அரிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். பையனுக்கு அரிப்பு தொடங்கியது டிசம்பர் நடுவில். அதிலிருந்து ஆறு வாரம் பின்னால் போனால் தீபாவளிக் கூடமும் பாயும் வருகின்றன. தீதி அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததே டிசம்பர் முதல் வாரத்தில். அவர் வேலையும் பாத்திரமும் தரையும். பையனைத் தூக்கிக் கொஞ்சும் வேலை அவருக்கு இல்லை. அப்படியிருக்க, அவரிடமிருந்து வந்திருக்கும் என்று எந்தக் கணக்கில் தீர்ப்பு எழுதினார்கள்? மாசம் முழுக்க எக்செல்லில் தேதி வைத்து வித்தை காட்டுகிற வீடு அது.

ஊரிலிருந்து வந்தது என்பதால் ஊர்க்காரர்களைத் திட்டவும் நான் சொல்லவில்லை. நொய்டாவிலிருந்து இங்கேதான் யாரோ ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம். 'யார் கொடுத்தது' என்ற ஆராய்ச்சியில் பத்துக்கு ஒன்பது தடவை உருப்படியான பதில் கிடைக்காது. 'யார் யாருக்குப் போயிருக்கும்' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால் வாயைத் திறந்தாக வேண்டும்.

அழுக்கு என்ற பொய்

'நாங்க தினம் ரெண்டு வேளை குளிக்கிறோம், எங்களுக்கு எப்படி வரும்?' இது அடுத்த வசனம்.

தோலுக்குள் சுரங்கம் தோண்டி உட்கார்ந்திருக்கும் பூச்சியை சோப்புத் தண்ணீர் என்ன செய்யும்? குளிப்பது நல்லது, தாராளமாகக் குளியுங்கள். சிரங்கு அதனால் வராமலும் இருக்காது, வந்தது போகவும் போகாது. நெருக்கமாக, கொஞ்ச நேரம் தோலோடு தோல் படுகிற இடத்தில் பரவும். கைகுலுக்கிய நொடியில் சாதாரணமாகப் பரவாது. கூடப் படுத்துத் தூங்குவது, குழந்தையை மடியில் வைத்திருப்பது, கணவன் மனைவி உறவு ஆகியவைதான் வழி. அதாவது பாசம் இருக்கிற இடமெல்லாம் அதற்குப் பாதை.

ஏழைக் குடும்பங்களில் அதிகம் என்பது உண்மைதான். ஒரு அறையில் ஆறு பேர் படுக்க வேண்டியிருந்தால் பரவத்தான் செய்யும். அது இட நெருக்கடி, அழுக்கு இல்லை. மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருந்துகொண்டு ஜனவரிக் குளிரில் ஒரே ரஜாய்க்குள் நாலு பேர் சுருண்டு படுக்கிறோமே, அந்த நேரத்தில் பூச்சியின் கணக்கில் நாமும் ஒற்றை அறைதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிரங்கு பெரிய தலைவலி. போர்வைகள் வழியாகப் பரவுகிறது என்று நம்பிக் கட்டுக்கட்டாகப் போர்வைகளைச் சூடேற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கென்னத் மெல்லன்பி என்கிற ஆராய்ச்சியாளர் 1941ல் ஷெஃபீல்டு நகரில் ஒரு வேலை செய்தார். போருக்குப் போகமாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்கள் சிலர் இதற்கு முன்வந்தார்கள். சிரங்கு முற்றிய சிப்பாய்கள் எழுந்துபோன படுக்கையில் அவர்கள் உடையில்லாமல் படுத்தார்கள். இப்படி 63 சோதனை. தொற்றியது இரண்டே பேருக்கு. போர்வை பெரிய குற்றவாளி இல்லை, உடம்போடு உடம்பு ஒட்டுவதுதான் முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். சாதாரண நோயாளி ஒருவர் உடம்பில் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு பெண் பூச்சிகள்தான் இருக்கும் என்று எண்ணிச் சொன்னவரும் அவர்தான்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு பூச்சிக்காகத்தான் நாம் மெத்தையைத் தூக்கி எறிகிறோம், சோபாவுக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறோம், ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோம். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

மெடிக்கல் ஸ்டோர் மருத்துவர்

அடுத்த சண்டை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரோடு.

'பையா, குஜ்லி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஒரு ட்யூப் எடுத்து வைப்பார். அதில் பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. எது வந்திருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்ற கூட்டாஞ்சோறு. அதில் சிரங்குப் பூச்சியைக் கொல்ல ஒன்றுமே கிடையாது.

ஆனால் தடவியவுடன் அரிப்பு குறையும். ஸ்டீராய்டின் குணம் அது. அரிப்பு அலர்ஜிதான் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அலர்ஜியை அமுக்கிவிடும். வீட்டில் திருடன் இருக்கும்போது நாயின் வாயைக் கட்டிவிட்ட கதை. சத்தம் நின்றுவிட்டது, திருடன் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தடிப்பும் சிவப்பும் உருமாறிப்போவதால், பிறகு டாக்டரிடம் போனாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதற்கு சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இந்த ரகக் களிம்புகள் சிலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகவே ஒரு தனிக் குழு வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் வாங்குகிற நாம் கேட்கிற வரை கவுண்டரில் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். நாம் ஏன் டாக்டரிடம் போகாமல் கவுண்டரில் கேட்கிறோம்? காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். மறுபடியும் அதே ரகசியம்.

மருந்து போடுகிற லட்சணம்

சரி, டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வகைச் சாமந்திப் பூவில் இயற்கையாக இருக்கும் பூச்சிக்கொல்லியின் மாதிரியை வைத்து, 1973ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கிய மருந்து இது. பூச்சியின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும். நம் தோல் வழியாக உள்ளே போவது மிகக் கொஞ்சம், அதையும் உடம்பு சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். இரண்டு மாதக் குழந்தைக்கு மேல் கொடுக்கலாம் என்கிற அளவுக்குப் பாதுகாப்பானது. (அதற்கும் சின்னக் குழந்தை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் என்றால் டாக்டரிடம் கேட்டே போடுங்கள்.)

இவ்வளவு நல்ல மருந்தை நாம் எப்படிக் கெடுக்கிறோம் என்று பார்ப்போம்.

முதலாவது, அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது. இது வலிக்குத் தைலம் தடவுகிற பழக்கம். பூச்சி இருக்கும் இடமும் அரிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் தடவ வேண்டும். விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, மறைவிடம், பிட்டத்தின் மடிப்பு எல்லாம். கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தலையிலும் முகத்திலும்கூடப் பூச்சி இருக்கும். கண், வாயைச் சுற்றி விட்டுவிட்டு அங்கும் போடச் சொல்வார்கள். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம், அதாவது ஒரு சின்ன ட்யூப் முழுவதும் ஆகும். நாலு பேர் வீட்டில் ஒரு ட்யூபை ஒரு மாதம் வைத்துத் தடவினோம் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கனத்துக்குப் பாராட்டலாம், வைத்தியத்துக்கு முடியாது.

இரண்டாவது, அரை மணியில் கழுவிவிடுவது. எட்டு மணி நேரத்திலிருந்து பதினாலு மணி நேரம் வரை தோலில் இருக்க வேண்டும். அதனால்தான் ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் குளிக்கச் சொல்கிறார்கள். நடுவில் கை கழுவினால், கையில் மட்டும் திரும்பப் போட வேண்டும். இதே மருந்து சோப்பாகவும் விற்கிறது. நுரைத்து இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் சோப்பு, ராத்திரி முழுக்க ஊறும் களிம்பின் வேலையை எப்படிச் செய்யும்?

மூன்றாவது, ஒரு தடவையோடு விடுவது. முட்டைகள் எல்லாம் ஒரே தடவையில் சாகும் என்று நம்ப முடியாது. ஏழு நாள் கழித்து இன்னொரு முறை போடச் சொல்வதன் காரணம் அதுதான்.

நாலாவது, நேர் எதிர்: தினம் தினம் போடுவது. மருந்து வேலை செய்து பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சியும் கழிவும் தோலோடு உதிர்ந்து போகும் வரை அலர்ஜி அடங்காது. இது தெரியாமல் மருந்து போலி என்று திட்டிவிட்டு, மீண்டும் மீண்டும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அரிப்புக்கு வேறு மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். நாலு வாரம் தாண்டியும் புதிதாகப் பொரிகள் வந்தால் டாக்டரிடம் திரும்பப் போங்கள். பெர்மெத்ரினுக்கு முன்போல அடங்குவதில்லை என்று சில நாடுகளில் தோல் மருத்துவர்கள் சமீப ஆண்டுகளில் எழுதுகிறார்கள். அப்படியானால் ஐவர்மெக்டின் மாத்திரை, வேறு பூச்சுகள் என்று வழிகள் இருக்கின்றன. அதையும் முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் மேலானது: அரிக்கிற ஆளுக்கு மட்டும் போடுவது. இங்கே வீட்டு ஆண்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 'எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு உடம்பு பூரா வழிச்சுக்கணும்?' என்று லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்பார். ஐயா, ஆறு வாரத்துக்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும் என்று இவ்வளவு நேரம் எதற்குச் சொன்னேன்? நீங்கள் போடாமல் விட்டால், பையனும் அம்மாவும் தேறிய அடுத்த வாரம் உங்களிடமிருந்து அவர்களுக்குத் திரும்பப் போகும். பூச்சிக்கு நீங்கள்தான் சொந்த ஊர்.

நான் மேலே சொன்ன குடும்பத்தில் நடந்ததும் இதுதான். இரண்டு பேர் போட்டார்கள், ஒருவர் போடவில்லை. மார்ச்சில் மூன்று பேரும் ஒரே ராத்திரி போட்டார்கள், அடுத்த வாரமும் போட்டார்கள். போயிற்று.

துணிமணி விஷயம் சுலபம். மனித உடம்பை விட்டு விலகிய பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் பால்கனியில் வையுங்கள். மெத்தையை எறிய வேண்டாம், சோபாவுக்கு ஆள் கூப்பிட வேண்டாம்.

பேனுக்கும் ஒரு வார்த்தை

பேன் வேறு, சிரங்கு வேறு. மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். பேனுக்குப் போடுவது 1 சதவீதம். ஷாம்பு போட்டு அலசி, ஈரம் துவட்டிய தலையில் தடவி, பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும். ஒன்பது பத்து நாள் கழித்து, மிச்சம் இருந்த ஈர் பொரிந்திருக்கும் சமயத்தில், மறுபடி. தலைக்குப் போடுகிற 1 சதவீதத்தை உடம்பில் பூசிக்கொண்டு சிரங்கு போகவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

உலகின் பல பகுதிகளில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்பதும் உண்மை. அதனால் பாட்டியின் பேன் சீப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரத் தலையில் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் பொறுமையாக வாருவது இன்றைக்கும் நல்ல வைத்தியம்தான்.

தூக்கிப் போட வேண்டியவை வேறு இருக்கின்றன. மண்ணெண்ணெய் தடவுவது: அடுப்படியில் ஒரு பொறி போதும். சீதாப்பழ விதையை அரைத்துத் தேய்ப்பது: கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். கண் மருத்துவர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிற விஷயம் இது. ஊரிலிருந்து ஆசையோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தலையில் போடாதீர்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. பேன் தாவாது, பறக்காது, தலையோடு தலை முட்டினால்தான் ஏறும். தலைப்பேன் வேறு எந்த வியாதியையும் கொண்டுவருவதில்லை. பேன் இருக்கிறது என்பதற்காக ஒரு ஆரோக்கியமான குழந்தையை வகுப்பை விட்டு அனுப்பக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் பள்ளிகளிலோ டைரியில் சிவப்பு மசியில் எழுதி, வகுப்பின் முன்னால் நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பெண் குழந்தை ஜென்மத்துக்கும் மறக்காது. பேன் இரண்டு வாரத்தில் போய்விடும்.

வேப்பிலைக் கட்சிக்குப் பதில்

'இதெல்லாம் கெமிக்கல். நம்ம வேப்பிலையும் மஞ்சளும் போதாதா?' என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். மரியாதையாகவே பதில் சொல்கிறேன். வேப்பிலை மஞ்சள் விழுதைச் சிரங்குக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1992ல் வெளிவந்தது. 814 பேரில் பெரும்பாலோருக்குக் குணமானது என்றது. நல்ல செய்திதான். ஆனால் அது முன்னோட்ட ஆய்வு. பெர்மெத்ரின் அளவுக்குப் பல நாடுகளில் பல தடவை ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது இல்லை. அதைப் போட்டவர்களும் உடம்பு முழுக்க, நாள் தவறாமல் போட்டார்கள், குளிக்கும்போது இரண்டு இலையைத் தண்ணீரில் மிதக்க விடவில்லை.

சிரங்கு உயிரையா எடுக்கும் என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் வைக்கும். அந்தக் கிருமிகளில் ஒரு வகை, குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017ல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

எல்லோருக்கும் ஒரே சமயம் கொடுப்பதன் பலம் தெரிய வேண்டுமானால் ஃபிஜித் தீவுகளைப் பாருங்கள். 2015ல் வெளியான ஆய்வு. ஒரு பகுதியில் நோய் உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருக்கமானவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் பெர்மெத்ரின். இன்னொன்றில் அரிப்பு உண்டோ இல்லையோ ஊருக்கே பெர்மெத்ரின். மூன்றாவதில் ஊருக்கே ஐவர்மெக்டின் மாத்திரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் பகுதியில் நூற்றுக்கு 36.6 பேரிலிருந்து 18.8 ஆகக் குறைந்திருந்தது. இரண்டாவதில் 41.7லிருந்து 15.8. மூன்றாவதில் 32.1லிருந்து 1.9! களிம்பைவிட மாத்திரை ஜெயித்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். உடம்பு முழுக்கப் பூசுவதைவிட விழுங்குவது சுலபம்தானே. ஆனால் இரண்டு மருந்திலும் ஒரே பாடம்தான்: இது தனி ஆளின் வியாதி இல்லை, கூட்டத்தின் வியாதி. கூட்டத்துக்கே வைத்தியம் பார்த்தால்தான் கதை முடியும்.

நம் கூட்டம் எது? கூடப் படுக்கும் குடும்பம். பத்து நாள் தங்கிவிட்டுப் போன மாமியார். தீபாவளிக்கு உருண்ட சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். குழந்தையைப் பகல் முழுக்க இடுப்பில் வைத்திருக்கும் ஆயா, அவர் வீட்டில் அவரோடு படுக்கும் அவர் பிள்ளைகள். இவர்களில் ஒருவரிடம் சொல்லாமல் விட்டாலும் நம் மருந்துக் காசு தண்டம். ஆயாவுக்கு வந்திருக்கலாம் என்று தோன்றினால் செய்ய வேண்டியது வேலையை விட்டு நிறுத்துவது இல்லை. அவரையும் டாக்டரிடம் காட்டி, அவர் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ட்யூப் வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பது. மனசுக்குச் சரி என்று தோன்றாவிட்டாலும், உங்கள் தோலின் நலனுக்காகவாவது செய்யுங்கள். நிறுத்தினால் அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த வீட்டுக் குழந்தையும் உங்கள் வீட்டுக் குழந்தையும் பார்க்கில் ஒரே சறுக்குமரத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் விளையாடும்.

எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறதா? நானே எழுதித் தருகிறேன், நகல் எடுத்து அனுப்புங்கள்:

'எங்கள் வீட்டில் சிரங்கு வந்திருக்கிறது. டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. வரும் சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் மருந்து போட்டுக்கொள்கிறோம், அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை. கடந்த இரண்டு மாதத்தில் எங்களோடு தங்கியவர்கள், குழந்தைகளைத் தூக்கி வைத்திருந்தவர்கள் அரிப்பு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் கேட்டு, முடிந்தால் அதே ராத்திரி போட்டுக்கொள்ளுங்கள். சங்கடத்துக்கு மன்னிக்கவும்.'

ஐந்தே வரி. யாருடைய வேலையும் போகாது, சிரங்கு போகும்.

டிஸ்கி: இது படித்துவிட்டு நீங்களே டாக்டர் ஆகிவிடுவதற்கான பதிவு இல்லை. ராத்திரி அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றால் தோல் டாக்டரிடம் போங்கள். காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லுங்கள். அவரும் அதற்குத்தான் வந்திருப்பார்.